ஒன்பது அம்ப்ரிக் குச்சி

குந்த்போரா, ஷோபியான் பக்கம்
1984 பிப்ரவரி 3

அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா,

நான் அஸத், உன் தம்பி. ஒன்பது வருஷத்துல பேரு மறந்திருக்கும்னு சொல்றேன். கையெழுத்து மருந்துக்கடை கம்பவுண்டர் ஸனாவுல்லாவோடது. நான் சொல்றத சொன்னபடியே எழுதணும், அழகு பண்ணக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். அழகு பண்ணினா இருமல் மருந்துக்கு அடுத்த ஊர் கடைக்குப் போயிடுவேன்னு மிரட்டியும் இருக்கேன். சிரிச்சிக்கிட்டே எழுதறாரு.

இங்க பனி முழங்கால் மட்டும் கெடக்கு. என் வீட்டுக்காரி முக்தா சொகமா இருக்கா. அவ கிழட்டுப் பசு சினையே இல்லன்னு ரெண்டு டாக்டர் சொல்லி, விக்கலாம்னு கயித்தப் பிடிச்சா, வாசப்படியில படுத்துக் கன்னு போட்டுடுச்சு. கன்னுக்கு நெத்தியில வெள்ளை. டாக்டர் பேரையே வெச்சுக் கூப்பிடறோம்.

சரி, விஷயத்துக்கு வரேன். போன அக்டோபர் கடைசியில முழங்கால் வலிக்கு ஸ்ரீநகர் ஆஸ்பத்திரி போயிட்டு பஸ்ல திரும்பினேன். பஸ்ல நிக்கக்கூட எடமில்ல. என் பக்கத்துல ஒருத்தன் மடியில ஆட்டுக்குட்டி, எதுத்தாப்புல ஒருத்தன் விடாம சிகரெட்டு. பாம்போர் தாண்டி ஒரு வயசாளி ஏறினாரு, கையில கூடை, மேல ஈரத்துணி. அவரு உக்காந்து ஒரு நிமிஷம் ஆகல. பஸ்ஸுல பேச்சு நின்னுடுச்சு. சிகரெட்டுக்காரன் தானா அணைச்சான். பின்னாடி ஒரு பொம்பள, "அம்ப்ரி ஆப்பிள்"ன்னா. அவ்வளவுதான். எல்லாரும் மூக்க மட்டும் வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தோம்.

நான் எந்திரிச்சுப் போய், "பெரியவரே, ஒண்ணே ஒண்ணு குடுங்க, என்ன கேட்டாலும் தரேன்"னேன்.

அவரு துணிய இன்னும் இறுக்கி மூடிட்டுச் சொன்னாரு: "இது விக்கறதுக்கு இல்லப்பா. என் அக்கா வீட்டுக்குப் போகுது."

அதுக்கப்புறம் ஷோபியான் வர்ற வரைக்கும் நான் ஜன்னலத்தான் பாத்துட்டு வந்தேன்.

அக்கா, எங்கிட்ட அம்ப்ரி ஒரு கிளைகூட இல்ல. தோட்டத்து மரத்தையெல்லாம் மொட்டையடிச்சு டெலிஷியஸ் ஆப்பிள் ஒட்டு வெச்ச வருஷம், வழக்கப்படி நம்ம அம்மாவோட அம்ப்ரி மரத்துல ஒரு கிளைய மட்டும் வெட்டாம விட்டிருந்தேன். எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்தா வேரு திணறிச் செத்துப்போகும்ல. நீ கோவிச்சிட்டுப் போன மறுநாள் அதையும் அறுத்துட்டேன். ஏன்னு கேக்காத. கையில ரம்பம் இருந்துச்சு.

உன் வாசல்ல நிக்கற மரம் அம்மா மரத்துக் குச்சியில வந்ததுதானே. கல்யாண மூட்டைக்குள்ள ஈரப் பாசியில சுத்தி எடுத்துட்டுப் போனியே. அதுலேர்ந்து நாலு குச்சி வெட்டி அனுப்பு. மார்ச்சு கடைசியில ஒட்டுக் கட்டிடறேன். ஊத்துக்குப் பக்கத்துல ஒட்டுக்கு ஆகற காட்டு ஆப்பிள் செடி நெறைய வளந்து நிக்குது.

உன் தம்பி
அஸதுல்லா வாகே


தார்போரா, லோலாப்
1984 பிப்ரவரி 15

அஸதுக்கு,

வ அலைக்கும் ஸலாம்.

உன் கடிதத்தில் பசு இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், ஆட்டுக்குட்டி இருக்கிறது. மன்னிப்பு எங்காவது இருக்கிறதா என்று இரண்டு தடவை தேடினேன். இல்லை. கம்பவுண்டர் விட்டுவிட்டாரோ என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன். அப்பா மவுத்தான பிறகு என் பங்குத் தோட்டத்தை உனக்கு விட்டுக்கொடுத்தேன். நம் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் விடுவதுதான். பிறந்த வீட்டுக் கதவு திறந்திருந்தால் போதும் என்றுதான் விடுகிறோம். பதிலுக்கு நான் கேட்டது அக்டோபரில் ஒரு பெட்டி அம்ப்ரி. அந்தப் பெட்டி வந்தால் வைக்கோலில் அடுக்கி மாடியில் வைப்பேன். இரண்டைத் துணிப்பெட்டியில் போடுவேன். அடிபட்டதைக் கத்திரிக்காயோடு சோம்பும் சுக்கும் போட்டுச் சமைப்பேன். ஏப்ரலில் யாராவது காய்ச்சலில் படுத்தால் இந்தத் தெருவில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். என் மாமியார் வீட்டில் எனக்கு மரியாதை அந்தப் பெட்டியில்தான் வந்தது.

அந்த வருஷம் வசந்தத்தில் வந்தபோது அம்மா மரம் முண்டமாக நின்றது. வெட்டின இடமெல்லாம் களிமண் அப்பியிருந்தாய். என்னடா இது என்று கேட்டேன். நீ சொன்னதை உன் வாயாலேயே எழுதுகிறேன்: "பங்கு வேணாம்னு கையெழுத்துப் போட்டவளுக்கு மரத்துல என்ன பேச்சு?"

நானும் சும்மா வரவில்லை. முக்தாவைப் பார்த்து, "இவ கை பட்டா பச்சை மரமும் கரியாப் போகும்" என்று சொன்னேன். டெலிஷியஸ் வைக்கச் சொன்னது அவள்தான் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த அக்டோபரில் நீ டெலிஷியஸ் பெட்டி அனுப்பினாய். திறக்காமல் திருப்பினேன்.

குச்சி அனுப்புகிறேன். நான்கு இல்லை, ஒன்பது. வருஷத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள். தெற்குப் பக்கம், வெயில் பட்ட கிளையில், போன வருஷத்து வளர்ச்சியில் வெட்டியிருக்கிறேன். இரண்டு முனையும் மெழுகில் தோய்த்து, பாசியில் சுற்றி, சாக்கில் தைத்திருக்கிறேன். நீல நூல். கண்டக்டர் ரமஜோ ஸ்ரீநகரில் ஷோபியான் பஸ்காரனிடம் கொடுத்து உன் வீட்டு வாசலில் இறக்கச் சொல்வான்.

இன்னொன்று. இளையவன் நிஸாருக்குப் பெண் பேசியிருக்கிறது. புதுச் சமையற்கட்டும் மேலே ஓர் அறையும் கட்ட வேண்டும் என்கிறான். மரம் நிற்கும் இடத்தில்தான் சுவர் வருகிறது. அவன் அப்பா போனதிலிருந்து வீட்டில் அவன் சொல்தான். அந்த மரம் மட்டும்தான் என்னுடையது. உன் கடிதத்தைப் படித்துக் காட்டி, அம்மா மரம் உலகத்தில் இது ஒன்றுதான் மிச்சம் என்றேன். வாயை மூடிக்கொண்டான். எத்தனை நாளைக்கோ.

எத்தனை குச்சி பிடித்தது என்று எழுது.

மஹ்தாப்


குந்த்போரா
1984 மார்ச் 1

அக்கா,

உன் கடுதாசி வந்துச்சு. கம்பவுண்டர் படிச்சாரு, ரெண்டு எடத்துல தொண்டையச் செருமினாரு. நீ கேட்ட வார்த்தைய இங்க சொல்லிடறேன்: மன்னிச்சிடு. கடையில நாலு பேரு இருக்கறப்பதான் சொல்றேன், தனியா சொல்லல.

குச்சிக் கட்டு இன்னும் வரல. தெனம் ரோட்டுக்குப் போய்ப் போய்ப் பாக்கறேன். ஷோபியான் பஸ்காரன்கிட்ட கேட்டா, மூட்டை முடிச்செல்லாம் அந்தந்த வாசல்ல எறக்கியாச்சுங்கறான். அவன் பேச்ச எவன் நம்புவான். போன வருஷம் நம்ம சித்தப்பா மகனுக்கு வந்த கோழிக்கூண்ட ராஜ்போராவுல எறக்கிட்டு, கோழி பறந்துடுச்சுன்னான். கூண்டுமா பறக்கும்?

ரெண்டு நாளா நல்ல குளிர். நான் அசையாம காங்கிரிக் கணப்புச் சட்டிய அங்கிக்குள்ள வெச்சிக்கிட்டு வாசலையே பாத்து உக்காந்திருக்கேன். தோட்டத்துல கவாத்து பண்ணின குச்சியெல்லாம் முக்தா கரி சுட்டிருக்கா. இந்தத் தடவ கரி நல்லா நின்னு எரியுது. விடிகாலையில போட்டா அஸர் தொழுகை வரைக்கும் தாங்குது.

கட்டு வந்ததும் எழுதறேன்.

அஸத்


தார்போரா
1984 மார்ச் 9

தம்பி,

மன்னிப்பு வந்து சேர்ந்தது. நான்கு பேர் முன்னால் சொன்னதாக எழுதியிருந்தாய். நான் எட்டுப் பேர் முன்னால் படித்தேன்.

கட்டு இன்னும் வராவிட்டால் உடனே எழுது. ரமஜோ சத்தியம் பண்ணுகிறான், கொடுத்துவிட்டேன் என்று. ஆனாலும் தொலைந்திருக்கலாம். கவலைப்படாதே. இங்கே மொட்டு இன்னும் உறங்குகிறது. மாதக் கடைசி வரை வெட்டலாம். ஒரு வரி எழுதினால் போதும், இன்னும் ஒன்பது அனுப்புகிறேன். இந்தத் தடவை நிஸாரையே கையில் கொடுத்து அனுப்புவேன்.

மஹ்தாப்


குந்த்போரா
1984 ஏப்ரல் 22

அக்கா,

பதில் லேட்டாப் போச்சு. கம்பவுண்டர் ஊருல இல்ல. அப்புறம் எனக்குக் கை வேலை.

கட்டு வந்துடுச்சு. ஒட்டும் கட்டியாச்சு. ஒன்பதுல ஏழு பிடிச்சிருக்கு. ரெண்டு கறுத்துப்போச்சு, அது என் கை நடுக்கம்னுதான் சொல்லணும், உன் குச்சி மேல தப்பில்ல.

அப்பா எப்படி ஒட்டுக் கட்டுவாரு, உனக்கு ஞாபகம் இருக்கா? கத்திய நாக்குல தொட்டுப் பாத்துட்டுத்தான் வெட்டுவாரு. ஒரு தடவ நாக்க அறுத்துக்கிட்டு, ஒரு வாரம் பேசாம இருந்தாரு. அம்மா அந்த ஒரு வாரத்தத்தான் தன் வாழ்க்கையிலயே நல்ல வாரம்னு சொல்லுவா. நீ சிரிச்சு சிரிச்சு ஊத்துல விழுந்த. நான்தான் பின்னலப் பிடிச்சு இழுத்தேன்.

ஏழும் ஊத்துக்கு மேல் பக்கம் வரிசையா இருக்கு. இலை எலியோட காது மாதிரி எட்டிப் பாக்குது. சாணியும் களிமண்ணும் கொழைச்சுக் கட்டியிருக்கேன்.

நீ இப்ப வந்து பாக்கறேன்னு கெளம்பாத. வழியெல்லாம் சேறு. பாலமும் ஒண்ணு போயிடுச்சு.

அஸத்


தார்போரா
1984 ஜூன் 30

தம்பி அஸதுக்கு,

பெருநாள் வாழ்த்து. முக்தாவுக்கும் சொல்.

உன் ஏப்ரல் கடிதத்தை நான் கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறேன். எலியின் காது மாதிரி என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அதனிடம் சொன்னேன், உனக்கு ஏழு பிள்ளைகள், பிறந்த வீட்டில் என்று. அடுத்த வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாருகிட்டம்மா பேசற, மரத்துகிட்டயா?" என்றாள். ஆமாம் என்றேன்.

முக்தாவைப் பற்றி நான் அன்று சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். அவள் கையில் வளர்கிற வீட்டில்தானே ஏழும் துளிர்த்திருக்கிறது. என் வாய் அப்படி. அவளிடம் இதைப் படித்துக் காட்டு.

இந்த மரம் என் வீட்டில் பதினான்கு வருஷம் பூக்கவே இல்லை, தெரியுமா? மாமியார், "உன் வீட்டு மரம் உன்னை மாதிரியே பிடிவாதம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பதினைந்தாம் வருஷம் பூத்தபோது அவள்தான் முதலில் அழுதாள். அதனால் உன் ஏழும் காய்ப்பதை நான் பார்ப்பேனோ என்னவோ. நிற்கிறது என்று தெரிந்தால் போதும்.

நிஸாரின் நிக்காஹ் நவம்பர் கடைசியில். பெண் ஹந்த்வாராப் பக்கம், பெயர் தில்ஷாதா. அவர்கள் வீட்டில் தனிச் சமையற்கட்டு கேட்கிறார்கள். நான் சரி என்று சொல்லிவிட்டேன். அக்டோபர் அறுவடை முடிந்ததும் மரத்தை எடுத்துக்கொள் என்றேன். நிஸார் நம்பவில்லை. "நெஜமாவா அம்மா?" என்று மூன்று தடவை கேட்டான். உன் கடிதத்தைக் காட்டினேன். ஏழு மரம் அங்கே நிற்கும்போது, ஒன்றுக்காக என் பிள்ளையின் வீட்டை நான் ஏன் தடுக்க வேண்டும்?

மஹ்தாப்


குந்த்போரா
1984 ஆகஸ்ட் 12

அக்கா,

மரத்த இப்ப எடுக்க வேணாம்.

ஏன்னா, சொல்றேன் கேளு. ஒட்டுன்னா முதல் வருஷம் நம்பறதுக்கில்ல. ஆலங்கட்டி மழ வரும். முள்ளம்பன்னி வரும். போன மாசம் பக்கத்துத் தோட்டத்துல முள்ளம்பன்னி ஒரே ராத்திரியில பதினொரு மரத்துப் பட்டையச் சுத்தி உரிச்சுட்டுப் போயிடுச்சு. அவன் தகரம் கட்டினான். முள்ளம்பன்னி தகரத்தையும் உரிச்சுடுச்சு. நம்ப மாட்ட, கம்பவுண்டர் சாட்சி.

அதுவும் இல்லாம, மருமக வர்ற நேரத்துல வீட்டுல மரம் வெட்டறது எதுக்கு? சமையக்கட்ட வடக்குப் பக்கம் கட்டச் சொல்லு. புகை அந்தப் பக்கம்தான் நல்லாப் போகும். இல்லன்னா இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும். ஒரே ஒரு வருஷமாவது போகட்டும்.

முக்தாகிட்ட உன் கடுதாசியப் படிச்சுக் காட்டினாரு கம்பவுண்டர். பாதியில எந்திரிச்சு உள்ள போயிட்டா. ஒண்ணுமில்ல, அடுப்புல பால் வெச்சிருந்தா.

அக்கா, மரம் நிக்கட்டும். தம்பி சொல்றேன்னு நெனச்சுக்க.

அஸத்


தார்போரா
1984 நவம்பர் 18

என் தம்பிக்கு,

உன் ஆகஸ்ட் கடிதத்தை நிஸாரும் நானும் சேர்ந்து படித்துச் சிரித்தோம். முள்ளம்பன்றி தகரத்தை உரித்த இடத்தில் அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆனால் எனக்குப் புரிந்தது. ஒன்பது வருஷம் முன்னால் நீ அறுத்ததற்காக இப்போது என் மரத்துக்குக் காவல் நிற்கிறாய். நீ அப்படி எழுதினதே எனக்குப் போதும். அதற்காகப் பிள்ளையின் வீட்டை வடக்கே தள்ள முடியாது. வடக்கில் சாக்கடை.

நவம்பர் நான்காம் தேதி மரத்தை எடுத்தார்கள். நான் உள்ளே போகவில்லை, நின்று பார்த்தேன். அறுத்த இடம் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. கை வைத்தேன். உன் ஏழும் என் கண்ணுக்குள் நின்றது. அழவில்லை.

நடுமரத்தில் நிஸார் புது வீட்டுக்கு நிலைப்படி செய்யச் சொல்லியிருக்கிறான். சின்னக் குச்சிகளை ஒருவரையும் தொட விடவில்லை. நானே உட்கார்ந்து, விரல் கனத்தில் ஒடித்து, உலர்த்தி, கரி சுட்டேன். புகை அடங்கினதும் தண்ணீர் தெளித்து, பொடியைச் சலித்து எடுத்தேன். உனக்கு முழங்கால் வலி, குளிர் காலத்தில் சட்டி இல்லாமல் உட்கார முடியாது என்று எழுதியிருந்தாய். ஒரு சாக்கு அனுப்புகிறேன். பழ மரத்துக் கரியைவிடச் சூடு நிற்கிற கரி வேறு இல்லை, நீயே சொல்வாய்.

கூடவே ஒரு பெட்டி அம்ப்ரி. இந்த வருஷத்துக் காய்ப்பு. அக்கா வீட்டிலிருந்து தம்பி வீட்டுக்குப் பெட்டி போவது நம் ஊரில் நடக்காத காரியம்தான். பஸ்ஸில் யாராவது கேட்டால் விற்பதற்கு இல்லை என்று சொல்லும்படி ரமஜோவிடம் சொல்லியிருக்கிறேன்.

பாலம் கட்டிவிட்டார்களா? ஏப்ரலில் வருகிறேன். ஏழையும் பார்க்க வேண்டும்.

உன் அக்கா
மஹ்தாப்


குந்த்போரா
1984 டிசம்பர் 2

அக்கா,

ஏழு இல்ல. ஒண்ணுகூட இல்ல.

கட்டு பிப்ரவரி இருபத்தேழாம் தேதியே வந்துடுச்சு. பஸ்காரன் வாசல்ல எறக்கி, கவாத்துக் குச்சிக் குவியலுக்குப் பக்கத்துல வெச்சிட்டுப் போயிட்டான். வீட்டுல ஆளில்ல. முக்தா ஊத்துக்குத் தண்ணிக்குப் போயிருந்தா. திரும்பி வந்தவ, நான்தான் குச்சியச் சாக்குல கட்டி வெச்சிருக்கேன்னு நெனச்சு, பிரிச்சு, மத்தக் குச்சியோட சேத்துக் கரி சுட்டுட்டா. நல்ல சாக்குன்னு தொவச்சு சொவத்துல காயப் போட்டா.

அந்த ரெண்டு நாள் நான் சட்டிய மடியில வெச்சிக்கிட்டு, உன் கட்டு ஏன் வரலன்னு ரோட்டப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்னு எழுதினேனே, அது அந்தக் கரிதான். நடுவுல மெழுகு வாசம்கூட வந்துச்சு. மசூதியில மெழுகுவத்தி ஏத்தறாங்க போலன்னு நெனச்சேன். கடுதாசி போட்ட மறுநாள்தான் சொவத்துல சாக்கப் பாத்தேன். நீல நூல்.

முக்தா தரையில உக்காந்துட்டா. அவ சொன்னது ஒண்ணுதான்: "உங்க அக்கா என்னப் பத்திச் சொன்னது பலிச்சுப்போச்சு." பச்சை மரமும் கரியாப் போகும்னு நீ சொன்னியே, அது. அக்கா, அவ வேணும்னு செய்யல. டெலிஷியஸ் வெக்கச் சொன்னதும் அவ இல்ல. நான்தான். அதையும் அவ தலையில போட்டுட்டு ஒன்பது வருஷம் சும்மா இருந்தேன்.

அப்புறம் உன் கடுதாசி வந்துச்சு, ஒரு வரி எழுது, இன்னும் ஒன்பது அனுப்பறேன்னு. கம்பவுண்டர் பேனாவத் தெறந்து வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. எரிஞ்சுபோச்சுன்னு எழுதினா நீ முக்தாவ என்ன சொல்லுவன்னு நெனச்சேன். வரலன்னு எழுதினா ரமஜோ பொழப்புல மண்ணு. ரெண்டும் சொல்லாம மாசம் முடிஞ்சுடுச்சு. ஏப்ரல்ல, ஏழு பிடிச்சுதுன்னு எழுதச் சொன்னேன். அவரு பேனா மூடிய மாட்டிட்டாரு. "அஸத் காக், இத எழுத எனக்குக் கை வரல"ன்னாரு. நான்தான் கெஞ்சி எழுத வெச்சேன். ஒன்பதும்னு சொன்னா நம்ப மாட்டன்னு ஏழுன்னேன். இலைய எலி காதுன்னு சொன்னது நான்தான், அவரு இல்ல.

ஆகஸ்டுல எழுதியிருக்கணும். அப்ப மரம் நின்னுட்டிருந்துச்சு. முள்ளம்பன்னிய எழுதினேன்.

நீ அனுப்பின சாக்கு அடுப்படியில இருக்கு. நாங்க தொடல. பெட்டியத் தெறந்தேன். முக்தா ஒரு பழத்த எடுத்து மொகத்துகிட்ட வெச்சிட்டு அப்படியே திரும்ப வெச்சுட்டா.

ஒரு குச்சியாவது மிச்சமிருக்கா அக்கா? பனிக்கு அடியில, எங்கயாவது ஓரத்துல, சுடாம விட்டது? இருந்தா நானே வரேன். நடந்தாவது வரேன். பஸ்ல பாத்த பெரியவர் ஊரு காகபோரான்னு விசாரிச்சு வெச்சிருக்கேன். அவருகிட்ட அம்ப்ரி இருக்கு. ஆனா அது அம்மா மரம் இல்ல.

அஸத்


தார்போரா
1985 மே 7

அஸத்,

ஐந்து மாதம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் வேறு வேலை வந்தது என்று சொல்லலாம். அது பொய். எழுதப் பிடிக்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்று என் காங்கிரிச் சட்டியில் இருந்ததும் அந்த மரத்துக் கரிதான். அவிக்கவும் மனம் வரவில்லை, கிளறவும் மனம் வரவில்லை. தானாகத் தணியும் வரை அப்படியே வைத்திருந்தேன்.

கேட்டாயே, ஒரு குச்சியும் மிச்சமில்லை. ஒருவரையும் தொட விடாமல் நானே பொறுக்கினேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? உனக்குப் போகிற கரியில் முள்ளும் மண்ணும் இருக்கக் கூடாது என்று, பென்சில் கனக் குச்சி வரை ஒன்று விடாமல் பொறுக்கினேன். அத்தனை சுத்தமாக நான் எந்த வேலையையும் செய்ததில்லை.

முக்தாவிடம் சொல். எரிந்துபோனது என்று நீ எழுதியிருந்தால், நீ பயந்ததை நான் சொல்லித்தான் இருப்பேன். அதைவிட மோசமாகவும் சொல்லியிருப்பேன். தெருவே கேட்கும்படி ஒரு நாள் முழுக்கச் சொல்லியிருப்பேன். மறுநாள் காலையில் ஏணியைப் போட்டு இன்னும் ஒன்பது வெட்டியிருப்பேன். உனக்கு என் வாய் தெரிந்த அளவுக்கு என் கை தெரியவில்லை. தோட்டத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கைதானே அது?

அவள் வேண்டுமென்று செய்யவில்லை என்று நம்புகிறேன். டெலிஷியஸ் உன் வேலை என்பதையும் நம்புகிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாம் இரண்டு பேர். நான் கேட்கிறேன். நீ கேட்டாயா?

சமையற்கட்டு கட்டியாகிவிட்டது. சுவர் ஓரத்தில் அடிமரத்தை விட்டிருந்தார்கள். போன வாரம் அதில் துளிர் வந்தது. மருமகள் தில்ஷாதா ஓடி வந்து, "அத்தே, உங்க மரம் வந்துடுச்சு" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும், பாவம். ஒட்டுக்குக் கீழேயிருந்து வந்த துளிர். இலையைக் கிள்ளிக் கடித்துப் பார்த்தேன். வெறும் கசப்பு. நிஸாரின் அப்பா காட்டிலிருந்து பிடுங்கி வந்து நட்ட செடிதான் முளைத்திருக்கிறது. முப்பத்தாறு வருஷம் என் மரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது அது. வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தில்ஷாதாவிடம் அது என்ன மரம் என்று உள்ளபடி சொன்னேன்.

காகபோராப் பெரியவரிடம் போய்க் குச்சி கேள். கொடுப்பார். நட்டுக்கொள். நல்ல பழம்தான், வாசமும் அதே வாசம்தான். யாராவது கேட்டால் அம்மா மரம் என்று மட்டும் சொல்லாதே.

கரியைப் பயன்படுத்து. முழங்காலை வலிக்க விட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. சாக்கில் கிடந்தால் மட்டும் அது மரமாகிவிடாது.

இந்த ஏப்ரலில் நான் வரவில்லை. அடுத்த ஏப்ரலில் வருவேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

என் பங்குப் பழத்தில் கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. தில்ஷாதாவின் துணிப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். தோல் கொஞ்சம் சுருங்கிவிட்டது, வாசம் போகவில்லை. அதை ரமஜோவிடம் கொடுத்து அனுப்புகிறேன். மோந்து பார்த்துக்கொண்டே வைத்திருக்காதே. வெட்டி நீயும் முக்தாவும் சாப்பிடுங்கள்.

பழம் வந்தால் வந்தது என்று எழுது. வராவிட்டால் வரவில்லை என்று எழுது.

மஹ்தாப்